கழுவிவிட்ட நீரின் கடன்

"குடிக்கிற தண்ணீருக்குக் காசு கேட்கிறார்கள், கொடுக்கிறோம். கொட்டிவிட்ட தண்ணீருக்கும் காசு கேட்டால் எப்படிப் பாய்?"

கழிவுநீர்க் கட்டணச் சீட்டு வீட்டுக்கு வருகிற நாள்களில் பாகான் செராய்க் கடைத்தெருவில் இந்தக் கேள்வி காதில் விழும். கேட்பவர் சிரித்துக்கொண்டேதான் கேட்கிறார். பதில் சொல்ல வேண்டியவரும் சிரித்துவிட்டுத் தேநீரை ஆற்றிக் குடிக்கிறார். ஆனால் இது சிரித்துத் தள்ளிவிடத்தக்க கேள்வியன்று என்பது நமது அபிப்பிராயம். இதற்குள் மார்க்க விஷயம் இருக்கிறது. நியாய விஷயம் இருக்கிறது. நமது சமூகத்தின் பழைய கணக்கு ஒன்றும் தீராமல் கிடக்கிறது.

சுருக்கிச் சொன்னால் கேள்வி இதுதான்: நாம் அழுக்காக்கிய நீரைச் சுத்தம் செய்கிற செலவு யாருடைய கடன்?

நமக்கு மேலே ஒருவர், கீழே ஒருவர்

கிரியான் மாவட்டத்து மக்களுக்குத் தண்ணீரின் அருமையை எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. புக்கிட் மேரா அணை 1906 இல் முடிவுற்றது. சுங்கை குராவ் நீரை அங்கே தேக்கி, கால்வாய் கால்வாயாகப் பிரித்து, ஏறத்தாழ 24,000 ஹெக்டர் நெல்வயலுக்குப் பாய்ச்சுகிறார்கள். அதே நீர்தான் நம்மவர் வீட்டுக் குழாய்க்கும் ஆதாரம். 2016 ஆம் ஆண்டு எல் நினோ வறட்சியில் அணையின் நீர்மட்டம் இறங்கியபோது, வயலுக்கு விடுவதா, வீட்டுக்கு விடுவதா என்ற கவலை ஒரே நேரத்தில் வந்தது. ஏரி ஒன்று, வாய் இரண்டு என்பது அன்று எல்லோருக்கும் விளங்கிற்று.

கால்வாய்ப் பாசனத்தில் வாழ்கிறவன் எவனும் தனியாக வாழ்வதில்லை. அவனுக்கு மேலே ஒருவன் மடையைத் திறக்கிறான். அவனுக்குக் கீழே ஒருவன் காத்திருக்கிறான். மதீனத்துப் பேரீச்சந் தோட்டங்களிலும் இதே வழக்குத்தான் வந்தது. ஜுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்ஸாரிகளில் ஒருவருக்கும் வாய்க்கால் நீரைப் பற்றி ஏற்பட்ட தகராறு பெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்ததை ஹதீஸ் கிரந்தங்கள் கூறுகின்றன. மேல்நிலத்தார் தமது தேவைக்குப் பாய்ச்சிக்கொள்ளலாம். பிறகு கீழ்நிலத்தாருக்கு விட்டுவிட வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். கீழ்நிலத்தாருக்கு நீரை விட வேண்டும் என்றால், எப்படிப்பட்ட நீரை? சாயமும் உப்பும் சாக்கடையும் கலந்து விட்டுவிட்டு, "அளவு குறையாமல் விட்டேன்" என்று சொன்னால் அது விட்டதாகுமா? நெல்லைக் கருக்குகிற நீரை விடுவதைவிட நீரே விடாமல் இருப்பது குறைந்த அநியாயம் அல்லவா? ஆகவே நீரைத் திருப்பிக் கொடுக்கும் கடமை என்பது அதைப் பயன்படத்தக்க நிலையில் திருப்பிக் கொடுக்கும் கடமைதான் என்று நாம் விளங்கிக்கொள்கிறோம். இரவல் வாங்கிய பாத்திரத்தைக் கழுவிக் கொடுப்பது நம் பெண்மக்கள் அறிந்த ஒழுங்கு. அந்த ஒழுங்கு ஆற்றுக்கு மட்டும் ஏன் இல்லாமல் போக வேண்டும்?

செலவு எங்கே போகிறது?

"சுத்தம் செய்ய அப்படி என்ன செலவு?" என்பது அடுத்த கேள்வி. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம்.

கழிவுநீரில் முதலில் குப்பையையும் மணலையும் வடிகட்டுகிறார்கள். பிறகு பெரிய தொட்டியில் விட்டுக் காற்றை ஊதுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அந்தக் காற்றைக் கொண்டு அழுக்கைத் தின்று பெருகுகின்றன. பின்னர் அந்த நுண்ணுயிர்க் கூட்டம் சேறாகப் படிகிறது. மேலே தெளிந்த நீர் ஆற்றுக்குப் போகிறது. கீழே படிந்த சேற்றை உலர்த்தி அப்புறப்படுத்த வேண்டும். காற்று ஊதும் இயந்திரம் இரவும் பகலும் ஓடுவதால் மின்சாரச் செலவு பெரிது. ஆள் கூலி, பழுதுபார்ப்பு, சேற்றை அகற்றும் செலவு ஆகியவை அதற்கு மேல்.

இதோடு நிறுத்தினால் அந்த நீர் ஆற்றுக்கு ஆகும். சில பயிர்களுக்கும் பூந்தோட்டத்துக்கும் ஆகும். தொழிற்சாலைக்கோ, குடிப்பதற்கோ ஆக வேண்டுமானால் மிக நுண்ணிய சவ்வுகளின் வழியே அழுத்தத்தோடு தள்ளி உப்பையும் கிருமியையும் பிரிக்க வேண்டும். அழுக்கின் பெரும்பகுதியை நீக்குவது மலிவு. கடைசியாக மிஞ்சுகிற சிறு பகுதியை நீக்குவதுதான் விலை மிகுந்தது. எனவே எல்லா நீரையும் குடிநீராக்க வேண்டும் என்பதில்லை. எந்தத் தேவைக்கு எந்த நீர் போதும் என்று பார்ப்பதே சிக்கனம்.

சென்னை மாநகரம் இதற்கு ஒரு பாடம். 2019 கோடையில் அந்நகரின் ஏரிகள் வறண்டு, ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது. அதே ஆண்டில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைத் தூய்மைப்படுத்தித் தொழிற்சாலைகளுக்கு விற்கிற நிலையங்கள் ஒவ்வொன்று இயங்கத் தொடங்கின. தொழிற்சாலை சாக்கடை நீரை விலைக்கு வாங்கிச் சுத்தமாகப் பயன்படுத்துகிறது. அதனால் ஏரி நீர் வீடுகளுக்கு மிஞ்சுகிறது. சிங்கப்பூரும் 2003 முதல் இவ்வாறு மீட்ட நீரைப் பெரும்பாலும் தொழிற்சாலைகளுக்குக் கொடுத்து, ஒரு சிறு பகுதியை நீர்த்தேக்கங்களில் கலந்து வருகிறது. செலவு உண்டு, ஆனால் ரயிலில் தண்ணீர் கொண்டுவருகிற செலவையும், தண்ணீரின்றி ஊர் நிற்கிற நஷ்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அது அதிகமா, குறைவா என்று தெரியும்.

பாலாற்றங்கரையில் நம்மவர் கணக்கு

இனி நாம் சொல்லப்போவது சிலருக்குக் கசப்பாக இருக்கலாம். ஆனாலும் பிறருடைய குற்றத்தை மட்டும் எழுதுகிற ஏட்டுக்கு நன்மையும் இல்லை, பரக்கத்தும் இல்லை.

தமிழகத்தில் பாலாற்றங்கரை ஊர்களான வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகியவை தோல் தொழிலுக்குப் பெயர் போனவை. அத்தொழிலில் பெரும்பங்கு முஸ்லிம் வணிகர்களுடையது. அந்த வருவாய் வீண் போகவில்லை. பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் அதில் எழுந்தன. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919 இல் தோன்றியது. எத்தனையோ ஏழைப் பிள்ளைகள் அங்கே படித்து உயர்ந்தார்கள். இதை நாம் நன்றியோடு நினைக்கிறோம்.

முற்காலத்தில் அங்கே ஆவாரம் பட்டை போன்றவற்றைக் கொண்டு தோலைப் பதனிட்டார்கள். 1970களில் அரைப்பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதைக் குறைத்து, முழுதும் முடித்த தோலையும் காலணிகளையும் அனுப்பும்படி இந்திய அரசாங்கம் கொள்கை வகுத்தது. குரோமிய உப்பும் பலவகை ரசாயனங்களும் பெருகின. தோல் கெடாதிருக்கப் பூசுகிற உப்பும் நீரோடு கலந்து போயிற்று. கழிவுநீர் ஓடைகளிலும் வயல்களிலும் பாலாற்று மணலிலும் இறங்கியது. கிணறுகள் உவர்ந்தன. தென்னை காய்ப்பதை விட்டது. நெல் விளைந்த நிலம் வெள்ளை பூத்துப் போயிற்று.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991 இல் இந்திய உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 1996 ஆகஸ்டு 28 ஆம் நாள் தீர்ப்பு வந்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்கச் சுமார் 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும், தோல் ஆலைகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டர் விளைநிலம் முழுதுமாகவோ பாதியாகவோ பயிருக்கு உதவாமற் போனது என்றும் அத்தீர்ப்பில் பதிவாகியுள்ளது. மாசு செய்தவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற நியதி இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் கூறிற்று. ஒவ்வோர் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. சுத்திகரிப்பு நிலையம் அமைக்காத ஆலைகள் மூடப்பட வேண்டும் என்றது. இழப்பை மதிப்பிட ஓர் ஆணையம் அமைக்கச் சொன்னது.

அந்த ஆணையம் 2001 இல் 29,193 குடும்பங்களுக்கு 26 கோடியே 82 லட்சம் ரூபாய் இழப்பீடு கணக்கிட்டது. பங்கு போட்டுப் பார்த்தால் சராசரியாகக் குடும்பத்துக்கு 9,200 ரூபாயைத் தொடவில்லை. தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட நிலத்துக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் அதுதான் விலை!

பின்னர் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன; கழிவுநீரைச் சவ்வு வழியே வடித்து மறுபடியும் ஆலைக்கே பயன்படுத்துகிற ஏற்பாடுகளும் வந்தன. அங்கேயும் ஒரு கஷ்டம் நேர்ந்தது. நீரை மீட்டபின் மிஞ்சுகிற உப்பைக் காய்ச்சி வற்றச் செய்ய எரிபொருள் வேண்டும். வற்றிய பின் அந்தக் கலப்பு உப்பை வாங்குவார் இல்லை. குவித்து வைக்கத்தான் இடம் வேண்டும். 2015 ஜனவரி 31 ஆம் நாள் ராணிப்பேட்டையில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச்சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 பேர் மாண்டார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். 2025 ஜனவரி 30 இல் உச்ச நீதிமன்றம் இதே பாலாற்று விஷயத்தில் மீண்டும் ஒரு தீர்ப்பு வழங்க நேர்ந்தது. பாதிப்புற்றவர்களுக்கு அரசாங்கம் இழப்பீடு கொடுத்து, அதை மாசு செய்தவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்றும், ஆற்றை மீட்கக் குழு அமைக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள். கணக்கு இன்னும் தீரவில்லை.

ஆலை அதிபர்களின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. பல ஆலைகள் சிறியவை. சுத்திகரிப்பு இயந்திரத்தின் விலை ஆலையின் விலைக்குச் சமமாக நிற்கும். சீமையில் தோல் வாங்குகிற கம்பெனி விலையைக் குறைக்கத்தான் கேட்கிறதே தவிர, ஆற்றைக் கழுவ ஒரு காசும் கூட்டிக் கொடுப்பதில்லை. ஆலை மூடினால் ஆயிரமாயிரம் தொழிலாளிகளின் அடுப்பு அணையும். இவையெல்லாம் உண்மை. ஆனால் இந்த உண்மைகள் எல்லாம் சேர்ந்தும் ஒன்றைத்தான் நிரூபிக்கின்றன. சுத்திகரிப்புச் செலவு மிக அதிகம் என்பதே அது. அதிகமான அந்தச் செலவைக் கிணறு இழந்த குடியானவன் தாங்க வேண்டும் என்பதை இவை நிரூபிக்கவில்லை. கம்பெனி தாங்காது, முதலாளி தாங்கமாட்டார் என்றால், பாலாற்றங்கரை ஏழை மட்டும் எப்படித் தாங்குவான்?

இதுதான் நாம் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது. அழுக்கு நீரைச் சுத்தம் செய்யாமல் விட்டால் செலவு மிச்சமாவதில்லை. அது இடம் மாறுகிறது. ஆலையின் பேரேட்டிலிருந்து நீங்கி, குடியானவனின் கிணற்றில் ஏறுகிறது. நோயாளியின் மருந்துச் சீட்டில் ஏறுகிறது. நகைகளை விற்று ஊரை விட்டுப் போகிறவனின் பஸ் கட்டணத்தில் ஏறுகிறது. அவனிடம் எவரும் கேட்டு எழுதவில்லை. ஆகவே நாம் கொடுக்காத கட்டணம், கேட்காமல் பிறரிடம் எடுத்துக்கொண்ட கடன்.

நம் நாட்டில் ஒரு முன்மாதிரி

செலவை ஏற்றால் தொழில் அழிந்துவிடும் என்ற பயம் எல்லா இடத்திலும் மெய்யாவதில்லை என்பதற்குப் பேராக் மக்களாகிய நாம் கண்ணால் பார்த்த சாட்சி உண்டு.

ரப்பர் தோட்டங்களில் பால் உறைய வைக்கிற ஆலைகளின் நாற்றத்தையும், செம்பனை ஆலைகளிலிருந்து பழுப்பு நிறமாக ஓடிய கழிவையும் தோட்டத்தில் பிறந்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஒரு டன் பனை எண்ணெய் எடுக்க இரண்டரை டன்னுக்குக் குறையாமல் கழிவுநீர் பிறக்கும். அது ஆற்றில் விழுந்தால் நீரிலுள்ள காற்றையெல்லாம் தின்றுவிடும். மீன்கள் மூச்சு முட்டிச் சாகும். 1974 இல் மலேசியாவில் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977 இல் செம்பனை ஆலைகளுக்கும், 1978 இல் ரப்பர் ஆலைகளுக்கும் விதிகள் வந்தன. ஆற்றின் காற்றை உண்ணும் அழுக்கு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்தான் இருக்கலாம் என்று வரம்பு கட்டினார்கள். செம்பனை ஆலைகளுக்கு 1978 இல் 5,000 என்றிருந்த வரம்பு ஆண்டுதோறும் இறங்கி 1984 இல் 100 ஆயிற்று. அத்துடன், ஆற்றில் விடுகிற அழுக்கு டன் ஒன்றுக்கு 10 வெள்ளி என்று உரிமக் கட்டணமும் விதித்தார்கள்.

தொழில் அழிந்ததா? இல்லை. 1978 க்கும் 1985 க்கும் இடையே நாட்டின் பனை எண்ணெய் உற்பத்தி இரு மடங்குக்கு மேலாயிற்று. அழுக்குக்கு விலை வந்ததும் ஆலைக்காரர்களின் மூளை வேலை செய்யத் தொடங்கியது. குளம் குளமாக வெட்டி அழுக்கைச் சிதைத்தார்கள். சுத்தம் செய்த கழிவைத் தோட்டத்துக்கு எருவாகப் பாய்ச்சினார்கள். பிற்காலத்தில் குளத்தில் எழும் வாயுவைப் பிடித்து எரிபொருளாக்கினார்கள். இன்றும் தவறுகிற ஆலைகள் உண்டு. தண்டனை பெறுகிறவையும் உண்டு. ஆயினும் ஒரு விஷயம் தெளிவு. அழுக்கை வெளியே தள்ளுவது இனாமாக இருக்கிறவரை எவனும் அதைக் குறைக்க முயலுவதில்லை. விலை வைத்த பிறகுதான் அது குறைகிறது. சில வேளை லாபமாகவும் மாறுகிறது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

"சாக்கடை நீரை எத்தனை முறை கழுவினாலும் அது நஜீஸ்தானே?" என்று சில பெரியவர்கள் தயங்குகிறார்கள். அருவருப்பு இயற்கை. ஆனால் மஸ்அலா அருவருப்பின் மேல் நிற்பதில்லை. நஜீஸால் நிறமும் மணமும் சுவையும் மாறிய பெருநீர், அந்த மாறுதல் நீங்கிவிட்டால் சுத்தமாகும் என்பது பிக்ஹு நூல்களில் பேசப்படுகிற விஷயம். இதை ஆராய்ந்து, சவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் பேரவை 1978 இல் ஒரு முடிவு வெளியிட்டது. முழுமையாகச் சுத்திகரிக்கப்பட்டு நிறம், மணம், சுவை மூன்றும் இயல்புக்குத் திரும்பிய நீரால் ஒளுவும் குளிப்பும் கூடும். உடல்நலத்துக்குக் கேடில்லை என்றால் அருந்துவதும் கூடும். ஆயினும் தேவையில்லாதபோது அருந்தாமல் தவிர்ப்பது நல்லது என்பதே அதன் சாரம். ஆகவே மார்க்கத்தைக் காரணம் காட்டிச் செலவைத் தட்டிக்கழிக்க வழியில்லை.

கப்பலின் உவமையையும் நாம் நினைவுகூர வேண்டும். மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் சீட்டுப் போட்டு இடம் பிடித்த பயணிகளைப் பற்றிப் பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியிருக்கின்றார்கள். கீழ்த்தட்டினர் தண்ணீருக்காக மேலே ஏறி இறங்க வேண்டியிருந்தது. பிறருக்குத் தொந்தரவு தராமல் நமது பங்கிலேயே ஓர் ஓட்டை போட்டுக்கொள்வோம் என்று எண்ணினார்கள். விட்டுவிட்டால் எல்லோரும் அழிவார்கள். கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லோரும் பிழைப்பார்கள். அவர்கள் தீய எண்ணத்தோடு ஓட்டை போட நினைக்கவில்லை. தமது பங்கில் தமது வசதிக்காகத்தான் நினைத்தார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். "என் ஆலை, என் கால்வாய், என் கடை" என்பவரும் அப்படித்தான் நினைக்கிறார்.

ஆதாயம் எவருக்குச் சேர்கிறதோ இழப்பின் பொறுப்பும் அவரையே சேரும் என்பது இஸ்லாமியச் சட்டவியலில் பெயர் பெற்ற ஒரு விதி. 1996 இல் உச்ச நீதிமன்றம் சொன்னதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? நாம் ஓதித் தெரிந்திருந்ததை நீதிமன்றம் வந்து நமக்குச் சொல்லித் தர வேண்டியதாயிற்றே என்பதுதான் நமக்கு வெட்கம்.

பணம் கொடுத்தால் போதுமா?

இங்கே ஒரு நுட்பமான கேள்வி எழுகிறது. செலவைக் கொடுத்துவிட்டால் அழுக்காக்கும் உரிமை வந்துவிடுமா? அபராதத்தைக் கட்டிவிட்டு ஆற்றைக் கெடுக்கலாமா?

கூடாது என்பதே நமது முடிவு. அடியானுக்குரிய ஹக்கைப் பறித்தவன் தவ்பா செய்தால் மட்டும் போதாது. பறித்ததைத் திருப்பிக் கொடுத்து, உரியவரிடம் மன்னிப்பும் பெற வேண்டும் என்று உலமாக்கள் கூறுகிறார்கள். பத்து வெள்ளியை ஒருவரிடம் பறித்திருந்தால் அவர் வீட்டு வாசலுக்குப் போய் மன்னிப்புக் கேட்கலாம். ஓர் ஆற்றைக் கெடுத்தவன் எந்த வாசலுக்குப் போவான்? 29,193 குடும்பங்களின் வாசலிலும் ஏறி இறங்க முடியுமா? இடையில் இறந்துபோனவர்களிடம் எப்படிக் கேட்பது? இன்னும் பிறக்காத பிள்ளைகளிடம் யார் போய் ஹலால் வாங்கி வருவது?

ஆகவே நீர் விஷயத்தில் பின்னால் கொடுக்கிற இழப்பீடு முன்னால் செய்கிற சுத்திகரிப்புக்கு ஒருநாளும் ஈடாகாது. இழப்பீடு என்பது செய்த தீங்குக்குத் தண்டம். சுத்திகரிப்புச் செலவு என்பது தீங்கு செய்யாதிருப்பதன் விலை. இரண்டாவதைக் கொடுக்கிறவனுக்குத்தான் மறுமையில் கணக்கு இலகுவாகும்.

ஏழைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அழுக்காக்கியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற பேச்சைப் பிடித்துக்கொண்டு, மலிவு வீட்டில் வாழ்கிற விதவையையும் பெரிய ஆலையையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. ஒரு வீட்டின் கழிவு சிறிது, தவிர்க்க முடியாததும்கூட. ஆலையின் கழிவு பெரிது, ஆதாயத்துக்காக உண்டாவது. அவரவர் அளவுக்கும் சக்திக்கும் ஏற்பப் பங்கு பிரிப்பதே நீதி.

நமது கடைவாசல்

"நாம் தோல் ஆலை நடத்தவில்லையே! பாலாற்றுக் கதை நமக்கு எதற்கு?" என்று கேட்கலாம்.

பாலாற்றங்கரையில் நம்மவர் தொழில் தோல் என்றால், இந்நாட்டில் நம்மவர் தொழில் சோற்றுக்கடை. நாசி கண்டாரும் ரொட்டி சானாயும் மலேசிய மக்கள் எல்லோருக்கும் விருப்பமான உணவாகிவிட்டன. நமக்கு அது பெருமை. ஆனால் இரவு கடை மூடுகிற நேரத்தில் பின்பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். பொரித்த எண்ணெயும், குழம்புச் சட்டி கழுவிய நீரும், தட்டில் மிஞ்சிய சோறும் எங்கே போகின்றன? எண்ணெயைத் தேக்கி நிறுத்தும் தொட்டி வைக்க வேண்டும் என்று நகராண்மைக் கழகங்கள் கேட்கின்றன. வைத்திருக்கிறவர்கள் பலர். தவறாமல் அதைத் திறந்து வழித்து எடுக்கிறவர்கள் எத்தனை பேர்?

ஒன்றைப் பலர் அறிவதில்லை. தெருவோரச் சாக்கடை சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை. அது மழைநீருக்காக வெட்டியது. அதில் கொட்டுகிறது நேரே ஆற்றுக்கும், பிறகு கடலுக்கும் போகிறது. குழாயில் கொட்டினாலோ எண்ணெய் ஆறிக் கட்டியாகிக் குழாயை அடைக்கிறது. அடைப்பை எடுக்கிற செலவு ஊர்ப் பணம். பயன்படுத்திய எண்ணெயை வாங்கி எரிபொருள் செய்கிறவர்கள் இன்று இருக்கிறார்கள். கடைக்காரருக்கு நாலு காசும் கிடைக்கும். செலவு என்று நாம் அஞ்சுவது இங்கே வரவாக நிற்கிறது.

கட்டண விஷயத்திலும் நமது நாட்டுச் சரித்திரம் சற்று வருத்தம் தருவது. 1994 இல் இண்டா வாட்டர் நிறுவனம் கழிவுநீர்ப் பணியை ஏற்றபோது மக்கள் பலர் கட்டணம் செலுத்த மறுத்தார்கள். 2000 இல் அரசாங்கமே அந்நிறுவனத்தை எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. நீண்ட காலம் சாதாரண வீட்டுக்கு மாதம் 8 வெள்ளியாக இருந்த கட்டணம் 2023 இல் 10 வெள்ளியாயிற்று. வீட்டார் கொடுக்கிற இந்தத் தொகை முழுச் செலவுக்குப் போதாமல், மிச்சத்தைப் பொதுப் பணம்தான் தாங்கி வந்திருக்கிறது. அதாவது நாம் கொடுக்காத பாக்கியை வேறு யாரோ கொடுக்கிறார்கள். மாதம் பத்து வெள்ளி என்பது ஒரு குடும்பம் ஒருவேளை வெளியில் சாப்பிடுகிற செலவுக்கும் குறைவு.

பள்ளிவாசலையும் விட்டுவிட முடியாது. பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில், அதாவது முக்கால் லிட்டருக்கும் குறைந்த நீரில் ஒளுச் செய்ததாக ஹதீஸ் கூறுகிறது. நாமோ குழாயை முழுதும் திறந்துவிட்டு, பக்கத்திலிருப்பவரிடம் ஊர் விசேஷம் விசாரித்து முடிக்கிறோம். ஒளுச் செய்து வழிகிற நீரில் மலமில்லை, ரசாயனமில்லை. அதைத் தனிக் குழாயில் சேர்த்து ஒரு தொட்டியில் தெளியவிட்டால் செடிகளுக்கும் முற்றம் கழுவுவதற்கும் கழிப்பறைக்கும் ஆகும். இந்நாட்டில் சில பள்ளிவாசல்கள் இதைச் செய்து வருகின்றன. தொட்டிக்கும் குழாய்க்கும் முதலில் செலவுதான். ஜமாஅத்தார் கூடிப் பேசி, அந்தச் செலவை ஸதகத்துல் ஜாரியாவாக ஏற்கக்கூடிய செல்வர்களிடம் கேட்கலாம். விளக்குக்கும் விரிப்புக்கும் கொடுக்கிற கைகள் சாக்கடைக் குழாய்க்குக் கொடுக்கவும் பழக வேண்டும்.

கடைத்தெருச் சகோதரரின் கேள்விக்கு இப்போது பதில் சொல்லிவிடுவோம். கொட்டிவிட்ட தண்ணீருக்குக் காசா என்று கேட்டாரல்லவா? கொட்டிவிட்ட தண்ணீர் மறைந்துபோவதில்லை, பாய். அது நமக்குக் கீழே இருக்கிற ஒருவருக்குப் போகிறது. அவர் கோல குராவில் வலை வீசுகிறவராக இருக்கலாம். வாய்க்கால் கடைசியில் நாற்று நடுகிறவராக இருக்கலாம். நம் பேரப்பிள்ளையாகவும் இருக்கலாம். அந்தச் சீட்டில் எழுதியிருப்பது தண்ணீரின் விலையன்று. அவருக்கு நாம் பட்டிருக்கிற கடன். அதை இங்கேயே வெள்ளியாகக் கொடுத்துத் தீர்ப்பது சுலபம். அங்கே நன்மைகளாகக் கொடுத்துத் தீர்ப்பது கடினம்.

தண்ணீரை அமானிதமாகப் பெற்ற நாம், அதைச் சுத்தமாகத் திருப்பிக் கொடுக்கிறவர்களாக இருக்க வல்ல நாயன் அருள் புரிவானாக! ஆமீன்.